அரிசி மெல்லும் ஆசையும் ஏழு டம்ளர் டீயும்

கேள்வி: எனக்கு வயது 36. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அது போதாமல் வெளித்தோட்டத்திலும் கொழுந்து எடுக்கப் போகிறேன். ஒரு வருடமாக எந்நேரமும் அசதி. மேடு ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. முடி கொத்தாகக் கொட்டுகிறது. பிள்ளைகள் மேல் சும்மா சும்மா எரிந்து விழுகிறேன், அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுகிறேன். முகாமில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 12.2, நார்மல் என்றார்கள். வீட்டில் ‘உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான்’ என்கிறார்கள். பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள், சின்னவன் நாலாவது. அவன் பள்ளியிலேயே காலை டிபன் சாப்பிட்டுவிடுவதால் காலையில் சமைப்பதை விட்டுவிட்டேன். டீயும் இரண்டு வர்க்கியும்தான். ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் டீ ஆகிவிடும். மனச்சோர்வு போக சால்மன் மீன், பட்டர் ஃப்ரூட், டார்க் சாக்லேட் சாப்பிட வேண்டும், 1,800 ரூபாய்க்கு ஒரு அஸ்வகந்தா பவுடர் வாங்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எதை வாங்கலாம்? மனநல டாக்டரிடம் போக வேண்டுமா? இன்னொன்று, சிரிக்காதீர்கள். வெறும் அரிசியைப் பார்த்தால் மெல்லத் தோன்றுகிறது. மாமியார் பார்க்காத நேரத்தில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

சிரிக்கவில்லை. நீங்கள் வெட்கப்பட்டுக் கடைசியில் எழுதிய அரிசி விஷயத்தைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். அரிசி, சாம்பல், திருநீறு, செம்மண், சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுவது, இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் அடிக்கடி காண்கிற அறிகுறி. இரும்பு ஏறியதும் பெரும்பாலோருக்கு அந்த ஆசை தானாகவே நின்றுவிடும். இதைப் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. முகாமில் வரிசையில் நிற்கும்போது யாரும் கேட்பதுமில்லை. அசதி, படபடப்பு, முடி கொட்டுவது, எரிச்சல் எல்லாவற்றோடும் அரிசி ஆசையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ‘மனசுதான்’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ரத்தத்தை இன்னொரு தடவை சரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்தாயிற்றே, 12.2 நார்மல் என்றார்களே என்பீர்கள். சமவெளியில் அது நார்மல். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது கணக்கு. ஆனால் அந்த 12 என்பது கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கான எண். மலையில் காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதைச் சமாளிக்க உடம்பு கூடுதலாக ரத்த அணுக்களைத் தயாரித்துக்கொள்கிறது. அதனால் இங்கே எல்லாருக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். 1,500 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் வசிப்பவர்களுக்கு, வந்த எண்ணிலிருந்து 1.1 கிராம் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது. குன்னூரும் அதே கணக்கில்தான் வரும். ஊட்டி 2,200 மீட்டரைத் தாண்டுவதால் அங்கே 1.4 கழிக்க வேண்டும். உங்கள் 12.2இல் 1.1 போனால் 11.1. அது நார்மல் இல்லை, லேசான ரத்தசோகை.

முகாமில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லேப் சீட்டில் ‘12 முதல் 15’ என்று அச்சடித்திருக்கும். அந்தச் சீட்டுக்கு மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. பாதிக்கு மேல். உங்களுக்கு மட்டும் வந்த குறையாக இதை நினைத்து மறைக்க வேண்டாம்.

அடுத்து கேட்டு வாங்க வேண்டிய சோதனை, உடம்பில் சேமிப்பில் இருக்கிற இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் அடுப்படி டப்பாவில் இருக்கிற அரிசி என்றால், ஃபெரிட்டின் பரணில் இருக்கிற மூட்டை. மூட்டை காலியான பிறகும் டப்பாவில் சில நாளைக்கு அரிசி இருக்கும். ஃபெரிட்டின் 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சளி, காய்ச்சல், மூட்டு வீக்கம் இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். அந்தச் சமயத்தில் எடுக்காதீர்கள். கூடவே தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் பி12 இரண்டையும் பார்த்துவிடுங்கள். முடி கொட்டுவது, அசதி, காரணமில்லாத அழுகை மூன்றும் அவற்றாலும் வரும். மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்பதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். போக்கு அதிகமாக இருந்தால் அதை நிறுத்தாமல் எவ்வளவு கீரை சாப்பிட்டும் பயனில்லை. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கொக்கிப்புழு பாதம் வழியாகத்தான் ஏறுகிறது, குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோய்) உண்டு; இந்தியாவில் அந்த நோய் 1952இல் முதன்முதலாகப் பதிவானதே இந்த மலையில்தான். இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், இன்னும் இன்னும் என்று மாத்திரையை விழுங்காமல் அந்தச் சோதனையைக் கேளுங்கள்.

சரி, இரும்புக்கும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதற்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது மட்டும் இரும்பின் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளையில் டோபமைன், செரட்டோனின் என்ற ரசாயனங்கள் தயாராவதற்கும் இரும்பு வேண்டும். அவற்றைத் தயாரிக்கிற நொதிகள் இரும்பில்லாமல் ஓடாது. ஊக்கம், கவனம், பொறுமை எல்லாவற்றிலும் இந்த இரண்டுக்கும் பங்கிருக்கிறது. பிரான்சில் ஓர் ஆய்வு நடந்தது, 2012இல் வெளிவந்தது. ரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் குறைந்த, எப்போதும் அசதி என்று சொன்ன 198 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வாரம் இரும்பு மாத்திரையும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரும்பு சாப்பிட்டவர்களுக்கு அசதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு முப்பது சதவீதத்துக்கும் கீழே. ஆனால் மனச்சோர்வு, பதற்றம் இவற்றின் அளவுகோலில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீடியோக்காரர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்ல மாட்டார்கள். அசதி நீங்கினால் எரிச்சல் குறைய வாய்ப்பு அதிகம். மனச்சோர்வு நோயாகவே இருந்தால் அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது டீ. தேயிலையை நம்பிப் பிழைக்கிற ஊரில் டீயைக் குறை சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, நானும் குடிக்கிறவள்தான். டீ குடிப்பதில் தப்பில்லை, குடிக்கிற நேரம்தான் தப்பு. டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து, சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தால் உடம்பில் சேர வேண்டிய இரும்பு பாதிக்கு மேல் வீணாகிவிடும். பால் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டாலே இந்த நஷ்டம் வெகுவாகக் குறைந்துவிடும்.

உங்கள் நாளை வைத்தே சொல்கிறேன். விடியற்காலை எழுந்ததும் குளிருக்கு ஒரு டீ குடியுங்கள், அதைத் தடுக்க மாட்டேன். தோட்டத்துக்குக் கிளம்புமுன் சாப்பாடு, அதனோடு டீ கிடையாது. பத்து மணி வாக்கில் தோட்டத்தில் டீ டைம், அது இருக்கட்டும். மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு ஃபிளாஸ்க்கைத் திறப்பீர்களே, அதைத்தான் விட வேண்டும். நனைந்த சாக்கைக் கட்டிக்கொண்டு பனியில் நிற்கிறவரிடம் சூடாக எதுவும் குடிக்காதே என்று சொல்வது அநியாயம். ஃபிளாஸ்க்கில் சீரகத் தண்ணீரோ சுக்குத் தண்ணீரோ ஊற்றிக்கொள்ளுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு டீ. அதோடு சரி, ஐந்து மணிக்கு மேல் வேண்டாம். டீயிலுள்ள காஃபின் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். இரவு எட்டு மணி டீதான் பன்னிரண்டு மணிக்கு உங்களைப் புரளவைக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றாலும் ஏழு டம்ளருக்குப் பதினான்கு ஸ்பூன், அறுபது எழுபது கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டீ குறைந்தால் அதுவும் தானாகக் குறையும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இன்னொரு வரி, சின்னவன் பள்ளியில் சாப்பிட்டுவிடுவதால் காலையில் சமைப்பதில்லை என்பது. காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகளுக்கு நல்லது நடந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பல வீடுகளில் பிள்ளைக்காகப் பற்றவைத்த அடுப்பில்தான் அம்மாவுக்கும் சாப்பாடு கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அது அணைந்துவிட்டது. வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான்; அதற்காக மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த இரண்டு வர்க்கியை வயிற்றில் போட்டுக்கொண்டு மதியம் வரை சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிறாக வைத்துப் பார்த்தார். அவர்கள் சோர்ந்தார்கள், சிடுசிடுத்தார்கள், எதிலும் பிடிப்பில்லாமல் போனார்கள், கண்டதற்கெல்லாம் சண்டை போட்டார்கள். திடமான மனசு என்று பொறுக்கி எடுக்கப்பட்ட ஆட்கள் அவர்கள். உங்கள் வீட்டில் யாராவது மறுபடி ‘மனசுதான்’ என்றால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

காலையில் என்ன சாப்பிடலாம்? புதிதாக எதுவும் வேண்டாம். ராத்திரி சோற்றில் தயிர் விட்டு, ஒரு அவித்த முட்டை. அல்லது கேழ்வரகுக் களியும் முந்தின நாள் அவரைக்காய்க் குழம்பும். அல்லது இரவே ஊறவைத்த கொள்ளையோ தட்டைப்பயறையோ வேகவைத்த சுண்டல். தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலையில் சாமையும் ராகியும் அவரையும்தான் சோறு. அந்தக் காலத்துப் பாட்டிகள் காலையிலேயே வயிறு நிறைய உண்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போனார்கள். ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை 2023இல் நம் மாவட்டத்திலும் தருமபுரியிலும்தான் முதலில் தொடங்கினார்கள். உங்கள் கடையில் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ராகியில் இரும்பு கொட்டிக்கிடக்கிறது என்று எல்லாரும் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் உண்மையான பெருமை சுண்ணாம்புச்சத்து, 100 கிராமில் 350 மில்லிகிராம் வாக்கில். அதிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். முளைகட்டியோ புளிக்கவைத்தோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும்.

இரும்புக்கு பீட்ரூட் ஜூஸ் குடிக்கச் சொல்வார்கள். நம் மலையில் விளைகிற நல்ல காய், சாப்பிடுங்கள். ஆனால் அந்தச் சிவப்பு வெறும் நிறம், 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சிபாரிசு 29 மில்லிகிராம். அசைவம் உண்டென்றால் வாரம் ஒன்றிரண்டு முறை கோழி ஈரலோ ஆட்டுச் சுவரொட்டியோ (மண்ணீரல்) மத்தி மீனோ எடுங்கள். இறைச்சியிலுள்ள இரும்பு சுலபமாகச் சேரும், டீயும் அதை அவ்வளவாகக் கெடுக்காது. பருப்பு, பயறு, கீரை சாப்பிடும்போது தட்டில் ஏதாவது ஒரு புளிப்பு இருக்கட்டும்: எலுமிச்சம்பழம் பிழியுங்கள், நெல்லிக்காய்த் துவையல் அரையுங்கள், கொய்யா கிடைக்கிற காலத்தில் சாப்பாட்டோடு ஒன்று கடியுங்கள். வைட்டமின் சி இருந்தால் செடி உணவின் இரும்பும் இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் சேரும். தக்காளிக் குழம்பு, புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். ரேஷன் அரிசியில் வித்தியாசமாகத் தெரியும் மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறியாதீர்கள். இரும்பும் பி12உம் ஃபோலிக் அமிலமும் சேர்த்த மணிகள் அவை. தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே தானாக முளைக்கிற கீரையை மட்டும், மருந்து அடித்த தோட்டமாக இருந்தால், கிள்ள வேண்டாம். வீட்டுப் பின்கட்டில் ஒரு பாத்தி போதும்.

இவ்வளவும் செய்தாலும், ஃபெரிட்டின் தரைதட்டியிருந்தால் சாப்பாட்டால் மட்டும் அதை நிரப்ப முடியாது. மாத்திரை வேண்டும். நான் உணவு ஆலோசகர், டாக்டர் இல்லை. எத்தனை, எத்தனை நாள் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொல்லட்டும். அங்கே மாத்திரை இலவசம். அதை டீயோடு விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு எரிந்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

வீடியோ பட்டியலுக்கு வருவோம். சால்மன் இந்தியக் கடலில் பிடிக்கிற மீனில்லை. அதிலுள்ள நல்ல கொழுப்பு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற மத்தியிலும் இருக்கிறது. பட்டர் ஃப்ரூட் நம் மலையிலேயே காய்க்கிறது, யாராவது கொடுத்தால் சாப்பிடுங்கள், காசு கொடுத்துத் தேட வேண்டாம். டார்க் சாக்லேட் என்று ஊட்டிக் கடைகளில் விற்பதில் பலவற்றில் சர்க்கரையும் வனஸ்பதியும்தான் முக்கால்வாசி. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது, சாப்பிட்டால் சந்தோஷம் என்பதும் அதே ரகம்: வயிற்றுக்குள் போகிற செரட்டோனின் மூளைக்குள் நுழையாது. அஸ்வகந்தா பவுடரை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அது தைராய்டு அளவைக் கூட்டக்கூடியது, சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததும் உண்டு. உங்கள் தைராய்டு இன்னும் பார்க்கவே இல்லை. அந்த 1,800 ரூபாயில் மூன்று மாதத்துக்குத் தினம் ஒரு முட்டை வாங்கலாம், ரத்தப் பரிசோதனைக்கும் மிஞ்சும்.

மனநல டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ரத்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு இருண்டே கிடந்தால், முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால், போகத்தான் வேண்டும். 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோயாளிகள் 67 பேரை வைத்து நடந்த ஆய்வில், சாப்பாட்டைச் சீராக்கிய பிரிவில் மூன்றில் ஒரு பங்குப் பேர் 12 வாரத்தில் நோயிலிருந்து மீண்டார்கள்; பேச்சுத் துணை மட்டும் கிடைத்த பிரிவில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். அதில் பெரும்பாலோர் மருந்தோ ஆலோசனையோ பெற்றுக்கொண்டே உணவையும் மாற்றியவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வைத்தியத்தை விட்டுவிட்டுச் சுண்டல் சாப்பிட்டவர்கள் இல்லை. அரசு மருத்துவமனையிலேயே மாவட்ட மனநலத் திட்டத்தில் பார்க்கலாம். வீட்டில் தெரிய வேண்டாம் என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். செத்துப் போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் அன்றைக்கே பேசுங்கள், சாப்பாட்டுக் கணக்கெல்லாம் அப்புறம்.

பரிசோதனைக்குப் போகும்போது பெரியவளையும் கூட்டிப் போங்கள். ஒன்பதாவது படிக்கிற பெண், உங்கள் அடுப்படிதான், உங்கள் ஃபிளாஸ்க்தான். பள்ளியில் வாரம் ஒரு இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். அதை அங்கேயே விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு வந்து வழியில் எறிகிறாளா என்று திட்டாமல் கேளுங்கள். அவளுக்கும் அரிசி மெல்லத் தோன்றுகிறதா என்றும்.